உருக்கில் எஞ்சி நிற்பது

கானப்பேர் என்னும் அரிய கோட்டையை உக்கிரப் பெருவழுதி கைப்பற்றினான். கோட்டையை இழந்த வேங்கைமார்பன், காய்ந்த இரும்பு குடித்த நீரை மீட்பதிலும் தன் கோட்டையை மீட்பது அரிதென வருந்தியதாகப் புறநானூறு கூறுகின்றது. அதைப் பாடிய ஐயூர் மூலங்கிழார், கொல்லன் பட்டறையைக் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. செந்நிறமாகக் காய்ச்சிய இரும்பை நீரில் தோய்க்கும்போது எழும் சீற்றமும் ஆவியும் எவருடைய கண்ணையும் காதையும் கவர்வன. அக்கணத்தில் நீருக்கு நேர்வது யாது என்பதைப் புலவரின் உவமை சொல்லிவிட்டது. இரும்புக்கு நேர்வது யாது? இக்கேள்விக்கு உரிய விடை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் மெல்ல மெல்லத் துலங்கத் தொடங்கிற்று. துலங்கிய விடையோடு எதிர்பாராத வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. தோய்த்த உருக்கு முற்றாக மாறிவிடுவதில்லை. அதன் உள்ளே ஒரு பகுதி, நெருப்பில் இருந்த பழைய நிலையிலேயே மாறாமல் எஞ்சி நிற்கின்றது. அந்த எச்சம் மனிதனுக்குச் செய்யும் தீமை பெரிது. அவன் அதனை அறிந்து ஆளும்போது அது செய்யும் நன்மையும் பெரிது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, இரும்பின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள், ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் எட்டும், நடுவில் ஒன்றுமாக அமைந்திருக்கும். 912 செல்சியஸ் பாகைக்கு மேல் தூய இரும்பைச் சூடாக்கினால் இவ்வடுக்கு மாறிவிடுகின்றது. சந்தையிலே தோடம்பழங்களைக் கோபுரமாக அடுக்கி வைக்கும் வியாபாரி, ஒவ்வொரு பழத்தையும் கீழ்வரிசைப் பழங்களின் இடைப்பள்ளத்தில் இருத்துகிறார். இடம் வீணாகாத அடுக்கு அது. சூடேறிய இரும்பின் அணுக்களும் அத்தகைய நெருக்கமான அடுக்கையே மேற்கொள்கின்றன. இந்த உயர்வெப்ப நிலைக்கு ஒஸ்ரெனைற்று என்று பெயர். இலண்டனில் அரச நாணயச் சாலையிற் பணியாற்றிய சேர் வில்லியம் றொபேட்ஸ் ஒஸ்ரென் என்னும் அறிஞரின் நினைவாக இப்பெயர் வழங்கலாயிற்று.

நெருக்கமான அடுக்காயினும், ஒஸ்ரெனைற்றின் இடைவெளிகள் ஒரு விசேடம் உடையன. அவை எண்ணிக்கையிற் குறைந்திருந்தாலும் ஒவ்வொன்றும் சற்றுப் பெரிதானது. ஆகவே, சிறிய காபன் அணு அங்கே இடம்பிடித்துக்கொள்ள முடியும். ஒஸ்ரெனைற்று ஏறத்தாழ 2 சதவீதம்வரை காபனைத் தன்னுட் கரைத்து வைத்திருக்கும். குளிர்ந்த இரும்போ ஒரு சதவீதத்தின் ஐம்பதில் ஒரு பங்கு அளவையே ஏற்கும். ஆதலால், காபன் கலந்த உருக்கு மெதுவாகக் குளிரும்போது, காபன் அணுக்கள் வெளியேறி, இரும்போடு கூடித் தனிச் சேர்வையாகப் படிகின்றன. அவ்வாறு குளிர்ந்த உருக்கு மென்மையானது, அரத்தினால் அராவலாம்.

நீரிற் சடுதியாகத் தோய்த்தால் நிலைமை வேறு. வெளியேறுவதற்குக் காபன் அணுக்களுக்கு அவகாசம் இல்லை. ஆயினும் இரும்பின் அடுக்கு மாறியே ஆக வேண்டும். அணிவகுத்து நிற்கும் படையினர் ஒரே கட்டளையில் ஒருமிக்க ஓரடி சரிந்து நிற்பதைப் போல, இரும்பின் அணுக்கள் கூட்டாகச் சரிந்து புதிய அடுக்கை அடைகின்றன. வெளியேற முடியாத காபன் அவ்வடுக்கினுள் சிக்கி, அதனை ஒரு பக்கமாக நீட்டி முறுக்கி வைக்கின்றது. இப்புதிய நிலைக்கு, ஜேர்மனிய அறிஞர் அடொல்வ் மாட்டென்ஸ் அவர்களின் பெயரால் மாட்டென்சைற்று எனப் பெயரிடப்பட்டது. உளியின் முனைக்கும் சவரக் கத்தியின் அலகுக்கும் வன்மையைத் தருவது இதுவே.

மாட்டென்சைற்றின் பிறப்பிலே ஒரு புதுமை உண்டு. பெரும்பாலான மாற்றங்கள் காலத்தைச் சார்ந்தவை. சோறு வேகுவதற்கும் பால் உறைவதற்கும் நேரம் வேண்டும். மாட்டென்சைற்று பிறப்பதற்கு வேண்டியது நேரமன்று, குளிர்ச்சியே. ஒரு குறித்த வெப்பநிலையில் மாற்றம் தொடங்குகின்றது. மேலும் குளிரக் குளிர மேலும் ஒரு பகுதி மாறுகின்றது. குளிர்ச்சி நின்றால் மாற்றமும் நின்றுவிடும். 0.2 சதவீதக் காபன் கொண்ட உருக்கில் இம்மாற்றம் 400 பாகைக்கு மேலேயே தொடங்கிவிடும். காபன் ஒரு சதவீதமளவில் ஒஸ்ரெனைற்றில் கரைந்திருந்தால், தொடக்கம் ஏறக்குறைய 200 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. தொடக்கம் இறங்கினால் முடிவும் இறங்கும் அன்றோ? காபன் 0.7 சதவீதத்தைத் தாண்டிய உருக்குகளில், மாற்றம் முடிவுறும் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்கும் கீழே போய்விடுகின்றது.

இங்கேதான் எச்சம் பிறக்கின்றது. கொல்லன் நீரிலிருந்து எடுத்த உளி, தொட்டால் குளிர்ந்திருக்கலாம். மனிதனுக்கு அது வேலை முடிந்த பொருள். உருக்கின் கணக்கிலோ வேலை பாதி வழியில் நின்றுவிட்டது. அறை வெப்பநிலை என்பது மனிதனுடைய வசதிக்கு ஏற்பட்ட ஓர் அளவே அன்றி இயற்கை விதித்த எல்லையன்று. 1959ஆம் ஆண்டில் கொய்ஸ்ரினன், மார்பேகர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், எவ்வளவு எஞ்சும் என்பதைக் கணிப்பதற்கு எளிய சூத்திரம் ஒன்றை வெளியிட்டனர். 200 பாகையில் மாற்றம் தொடங்கும் உருக்கொன்றை 30 பாகைவரை குளிர்வித்தால், அச்சூத்திரத்தின்படி 15 சதவீதம் ஒஸ்ரெனைற்றாகவே எஞ்சும். பூச்சியத்துக்குக் கீழே 80 பாகைவரை குளிர்வித்தால் எச்சம் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறையும். திரவ நைதரசனின் குளிரான பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையிலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே எஞ்சியே நிற்கும்.

வினையையும் பகையையும் மிச்சம் வைத்தல், அணையாத தீயை மிச்சம் வைத்தலை ஒக்கும் என்பது தமிழர் அறிந்த நீதி. அந்நீதி உருக்குக்கும் பொருந்துவதைக் காட்டும் சிறந்த சான்று, பொறியியற் சாலைகளில் வழங்கும் அளவுக் கட்டை ஆகும். இது நன்கு மெருகிட்ட சிறிய உருக்குக் கட்டை. மற்ற அளவு கருவிகள் சரியா பிழையா என்று தீர்ப்பளிக்கும் நீதிபதி அது. ஒரு நாட்டில் செய்த திருகாணி மற்றொரு நாட்டில் செய்த துளையிற் பொருந்துகின்றது என்றால், அதற்கு மூலகாரணம் இத்தகைய கட்டைகளின் ஒருமைப்பாடே. நல்ல கட்டையொன்று மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கும் பிழைக்கலாகாது.

ஒஸ்ரெனைற்று மாட்டென்சைற்றாக மாறும்போது கனவளவு ஏறக்குறைய 4 சதவீதம் பெருகும். நெருக்கமான அடுக்கு தளர்வான அடுக்காக மாறுவதே அதற்குக் காரணம். இனி, 100 மில்லிமீற்றர் நீளமுள்ள கட்டையொன்றில் பத்துச் சதவீதம் ஒஸ்ரெனைற்று எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். அதில் முழுவதும் அன்று, கட்டையின் ஒரு சதவீதமளவே காலப்போக்கில் மாறியது எனினும், கட்டையின் கனவளவு 0.04 சதவீதம் கூடும். நீளத்தின் பெருக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கிட்டால் அது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 13 பங்கு ஆகின்றது. நீதிபதியே பொய் சொல்லத் தொடங்கிவிட்டால் வழக்காடுவோர் எங்கே போவர்? எவர் கையும் படாமல் பெட்டிக்குள் இருந்தபடியே அக்கட்டை வளர்ந்து, அளந்த பொருள்களையெல்லாம் பிழையாக்கிவிடும்.

எச்சத்தை ஒழிப்பதற்கு வெப்பப் பரிகாரம் இரண்டு வழிகளை வைத்திருக்கின்றது. ஒன்று, பாதியில் நின்ற குளிர்ச்சியைத் தொடர்வது. உலர்பனிக்கட்டியின் துணையால் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 80 பாகைக்கோ, திரவ நைதரசனால் அதற்கும் வெகு கீழேயோ உருக்கைக் கொண்டுசெல்வர். இதில் காலதாமதம் ஆகாது. தோய்த்த உருக்கைப் பல மணி நேரம் சும்மா வைத்திருந்தால், எஞ்சிய ஒஸ்ரெனைற்று உறுதிப்பட்டுவிடும்; பின்பு அதே குளிரில் வைத்தாலும் முன்போல மாறாது. அவசரத்திலும் ஆபத்து உண்டு. புதிதாகப் பிறக்கும் மாட்டென்சைற்று, தன்னைச் சூழ்ந்த வன்மையான உருக்கை விலக்கிக்கொண்டு பருக்க முயல்வதனால், பொருள் வெடித்துவிடவும் கூடும். ஆகவே நுணுக்கமான வடிவமுடைய பொருள்களைச் சற்றுப் பதமாக்கிய பின்பே கடுங்குளிருக்கு அனுப்புவர். அதனால் எச்சத்தில் ஒரு பகுதி தப்பிவிடுகின்றது. பொருள் வெடிக்காமற் பிழைப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

மற்ற வழி, பதமாக்கல். தோய்த்த உருக்கை மீண்டும் இளஞ்சூட்டில் வைப்பதே பதமாக்கல். 100 பாகை முதல் 200 பாகைவரை, மாட்டென்சைற்றில் சிக்கிய காபனில் ஒரு பகுதி நுண்ணிய துணிக்கைகளாகப் பிரிந்து, இறுக்கம் தளர்கின்றது. அப்போது பொருள் சிறிது சுருங்கும். 200க்கும் 300க்கும் இடையில் எஞ்சிய ஒஸ்ரெனைற்று, மென்மையான இரும்பாகவும் காபன் சேர்வையாகவும் சிதைகின்றது. அப்போது பொருள் சிறிது பெருக்கும். ஆயினும் அந்தச் சூட்டில் வன்மையிலும் ஒரு பகுதி பறிபோகின்றது. எச்சத்தை ஒழிக்கப்போய் முதலையும் இழக்கும் நிலை அது. ஆதலால் அளவுக் கட்டை செய்வோர், கடுங்குளிரையும் இளஞ்சூட்டையும் மாறி மாறிக் கொடுத்து, சுருக்கமும் பெருக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்து அடங்கும்வரை பொறுமையாக உழைக்கின்றனர்.

உலோகங்களைக் கடையும் வேக உருக்கிலே இன்னொரு விந்தை நிகழ்கின்றது. அதில் தங்குதன், குரோமியம் போன்ற உலோகங்கள் கலந்திருப்பதால், தோய்த்த பின்பு எச்சம் மிகுதியாக இருக்கும். அதனை 550 பாகையளவில் பதமாக்கும்போது, ஒஸ்ரெனைற்றிலிருந்து காபனும் உலோகங்களும் நுண்துணிக்கைகளாகப் பிரிகின்றன. காபன் குறைந்த ஒஸ்ரெனைற்று தன் உறுதியை இழந்து, மீண்டும் குளிரும்போது மாட்டென்சைற்றாகிவிடும். அவ்வாறு பிறந்தது புதியது, பதப்படாதது. ஆகவே அதனைப் பதமாக்க இரண்டாம் முறையும், அதில் மிஞ்சியதற்காக மூன்றாம் முறையும் சூடாக்குவர். மும்முறை பதமாக்கல் வீண் சடங்கன்று; எச்சத்தின் எச்சத்தையும் தேடும் கணக்கு அது.

இதுவரை கூறியவை நெருப்பும் குளிரும் செய்பவை. எச்சத்தை மாற்ற வல்ல மூன்றாவது சக்தியொன்று உண்டு. அது அடியும் இழுப்பும் வளைப்பும் ஆகிய உருத்திரிவு. ஒரு மலைச்சரிவிலே, சிறு பள்ளத்தில் தங்கிக் கிடக்கும் உருண்டைக் கல்லை எண்ணிப் பார்க்கலாம். கீழே உருள வேண்டிய கல் அது. பள்ளத்தின் விளிம்பே அதனைத் தடுத்து நிற்கின்றது. மேலும் குளிர்வித்தல், சரிவை இன்னும் செங்குத்தாக்குவதற்குச் சமம். உருத்திரிவோ கல்லைக் கையினால் ஒரு தள்ளுத் தள்ளுவதற்குச் சமம். மாட்டென்சைற்று அணுக்களின் கூட்டுச் சரிவினாலேயே பிறப்பது ஆகையால், வெளியிலிருந்து வரும் விசை அச்சரிவுக்குத் துணைபோகின்றது.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எவர்சில்வர் என வழங்கும் துருவேறா உருக்கில் உயர்ந்த வகை, 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. நிக்கலின் உதவியால் அது அறை வெப்பநிலையிலும் முழுவதும் ஒஸ்ரெனைற்றாகவே நிற்கின்றது. ஒஸ்ரெனைற்றைக் காந்தம் கவர்வதில்லை, மாட்டென்சைற்றைக் கவரும். அத்தகைய உருக்கினால் ஆழமாக அழுத்திச் செய்த கழுவுதொட்டியையோ பாத்திரத்தையோ எடுத்து, அதன் தட்டையான நடுப்பகுதியில் ஒரு காந்தத்தை வைத்தால் அது ஒட்டுவதில்லை. வளைந்து நீண்ட மூலைகளிலும் மடித்த விளிம்பிலும் வைத்தால் மெல்லிய கவர்ச்சி தெரிவதுண்டு. எங்கே உருக்கு மிகுதியாகத் திரிந்ததோ, அங்கே மாட்டென்சைற்று பிறந்துவிட்டது. அதே பாத்திரத்தை 1050 பாகையளவிற் காய்ச்சிக் குளிர்வித்தால் அக்கவர்ச்சி மறையும். உருத்திரிவு எழுதியதை நெருப்பு அழித்துவிடுகின்றது.

இம்மாற்றத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. குறித்த ஒரு வெப்பநிலைக்கு மேலே எவ்வளவு அடித்தாலும் இழுத்தாலும் மாட்டென்சைற்று பிறக்காது. துருவேறா உருக்கைக் கடுங்குளிரில் தகடாக அழுத்தினால் மாட்டென்சைற்று மிகும். 200 பாகையில் அழுத்தினால் அநேகமாக இல்லை எனலாம். அன்றியும், சூட்டில் அளவுக்கு மிஞ்சித் திரிந்த ஒஸ்ரெனைற்று, தானே இறுகி, பின்பு குளிரிலும் மாற மறுப்பதுண்டு. ஒரே உருத்திரிவு குளிரில் மாற்றத்தைத் தூண்டுவதும், சூட்டில் மாற்றத்தைத் தடுப்பதும் கருதத்தக்கது.

ஒஸ்ரெனைற்றை ஒழிப்பதற்குப் பதிலாக அதனையே முழுமையாக வைத்துக்கொண்டால் என்ன என்ற வழியைத் திறந்தவர், இங்கிலாந்தில் ஷெபீல்ட் நகரத்தைச் சேர்ந்த றொபேட் ஹட்பீல்ட். 1882ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒரு சதவீதக் காபனும் 12 சதவீதத்துக்கு மேல் மங்கனீசும் கொண்ட உருக்கை அவர் கண்டார். ஏனைய உருக்குகளை நீரிற் தோய்த்தால் வன்மை பெறும்; இதுவோ நீரிற் தோய்த்தபோது மென்மையும் வளையும் தன்மையும் பெற்றது. அடி விழுந்த இடத்திலோ மேற்பரப்பு இறுகி வன்மை பெற்றது. மாட்டென்சைற்று பிறப்பதே அதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. பளிங்குகளினுள்ளே கண்ணாடிப் பிம்பம் போன்ற மெல்லிய இரட்டை அடுக்குகள் தோன்றி, மேலும் சரிவதைத் தடுப்பதே முதன்மையான காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. புகையிரதப் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களிலும், கருங்கல் உடைக்கும் இயந்திரங்களின் தாடைகளிலும் இவ்வுருக்கு இன்றும் உழைக்கின்றது. முதலாம் உலகப் போரில், 1915ஆம் ஆண்டில், பிரித்தானியப் படையினரின் தலைக்கவசம் சாதாரண உருக்கிலிருந்து இவ்வுருக்குக்கு மாற்றப்பட்டது. பறந்துவரும் குண்டுத் துணிக்கை தாக்கும்போது உடையாமல் குழிந்து, குழியும்போதே இறுகும் உலோகம், எத்தனையோ இளைஞரின் தலையைக் காத்தது.

இதே ஹட்பீல்ட் இலங்கையின் பண்டைய இரும்பையும் உருக்கையும் ஆராய்ந்து, 1912ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சீகிரியாவில் கிடைத்த பழைய உளியொன்றும் அவர் ஆராய்ந்தவற்றுள் அடங்கும். புதிய உருக்கைப் படைத்தவர் பழைய உளியையும் மதித்து நோக்கினார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், சாக்கே, பாக்கர் என்பவர்களும் அவர்தம் கூட்டாளிகளும் மற்றொரு படி முன்னேறினர். உருத்திரிவின்போது ஒஸ்ரெனைற்று மாட்டென்சைற்றாக மாறுவதையே பயனாகக் கொள்ளும் உருக்குகளை அவர்கள் ஆக்கினர். ஒரு கம்பியை இழுத்தால், எங்கோ ஓரிடம் மெலியத் தொடங்கும். மேலும் இழுத்தால் அங்கேயே அறுந்துவிடும். இப்புதிய உருக்கில், மெலியும் இடத்திலேயே உருத்திரிவு மிகுவதனால், அங்கேயே மாட்டென்சைற்று பிறந்து அவ்விடத்தை வலுப்படுத்துகின்றது. இழுப்பு வேறிடத்துக்குப் பரவுகின்றது. வலிமை கூடினால் நீளும் தன்மை குறையும் என்ற பழைய விதியை எஞ்சிய ஒஸ்ரெனைற்று தளர்த்திவிட்டது.

அதன் எளிய வகையொன்று இக்காலத்து மோட்டார் வண்டிகளின் உடற்சட்டத்திற் பயன்படுகின்றது. அதில் நிக்கல் போன்ற விலையுயர்ந்த உலோகம் வேண்டியதில்லை, காபன் 0.2 சதவீதமளவும், மங்கனீசும் சிலிக்கனும் ஒன்றரைச் சதவீதமளவும் போதும். ஆனால் இவ்வளவு குறைந்த காபனில் ஒஸ்ரெனைற்று எஞ்சுவது எங்ஙனம்? விடை வெப்பப் பரிகாரத்தில் இருக்கின்றது. முதலில் உருக்கைப் பாதி ஒஸ்ரெனைற்றாகும் சூட்டுக்கே காய்ச்சுவர். காபன் அப்பாதியிற் குவியும். பின்பு 400 பாகையளவுக்குக் குளிர்வித்துச் சிறிது நேரம் நிறுத்துவர்; அங்கே மேலும் ஒரு பகுதி மாற, காபன் மிஞ்சியதில் இன்னும் செறிகின்றது. காபன் தனிச் சேர்வையாகப் பிரிந்து போகாமல் சிலிக்கன் தடுக்கின்றது. ஈற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை காபன் செறிந்த ஒஸ்ரெனைற்று எஞ்சும். வண்டி மோதும் நேரத்தில் அது மாறி, மோதலின் சக்தியை உலோகம் உட்கொள்ள உதவுகின்றது. உள்ளே இருப்பவர் உயிர் பிழைப்பதில் அதற்கும் ஒரு பங்குண்டு.

பற்சில்லுகளையும் சுழல்தண்டுகளைத் தாங்கும் பெயாரிங்குகளையும் செய்வோர் இவ்விரு கருத்துக்களையும் நிறுத்துப் பார்க்க வேண்டியவராகின்றனர். மிகத் துல்லியமான இயந்திரத்துக்குரிய பெயாரிங்கில் எச்சம் ஆகாது, அளவு மாறிவிடும். தூசியும் மணலும் புகும் இடத்தில் உழைக்கும் பெயாரிங்கிலோ, மேற்பரப்பில் அளவான ஒஸ்ரெனைற்று இருப்பது நன்று. மணற்றுகள் பதித்த தழும்பின் விளிம்பை அது தணித்து, வெடிப்புத் தோன்றுவதைத் தாமதப்படுத்துகின்றது. ஒரே பொருள் ஒரு தொழிலில் குற்றமாகவும், மற்றொரு தொழிலில் குணமாகவும் ஆகின்றது.

ஆகவே, எஞ்சிய ஒஸ்ரெனைற்று நல்லதா தீயதா என்று கேட்பது பொருத்தமான கேள்வியன்று. அது எப்போது மாறும், எதனால் மாறும், அவ்வேளையில் அந்த மாற்றம் வேண்டப்படுவதா என்பவையே கேட்கத்தக்கவை. பெட்டிக்குள் இருக்கும் அளவுக் கட்டையில் அது ஒருவரும் வேண்டாத வேளையில் மாறுகின்றது. மோதும் வண்டியில் அது மாறவேண்டிய அந்தக் கணத்திலேயே மாறுகின்றது. நெருப்பின் அளவையும் குளிரின் அளவையும் அடியின் அளவையும் அறிந்தவனுக்கு அம்மாற்றத்தின் வேளையைக் குறிக்கும் ஆற்றல் கைவருகின்றது. அந்த அறிவு இல்லாதவனுக்கு எச்சம் உட்பகை. உள்ளவனுக்கு அது வைப்புநிதி.